தேய்ந்தது ஷாஃப்ட் மட்டும்தானா?

(தலைப்பு: தேய்ந்துபோன பழைய வண்டிக்குத் தேவை பழுது பார்ப்பதே! புதிது போடுவதே! ‘பழுது பார்ப்பதே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர்: அடுத்துப் பேச வர்றவங்க வடகரைக்காரங்க. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அதைவிட முக்கியம், ஒரு வேன் டிரைவரோட மகள். எதிரணி இதுவரைக்கும் நல்ல ஸ்பீடில் போயிட்டாங்க. இவங்க பிரேக் போடுறாங்களான்னு பார்ப்போம். வாங்கம்மா!



சாரல் வந்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போகிற இந்தத் தென்காசிச் சீமைக்கும், எதிரே அமர்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வீட்டில் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து ‘எப்போ விளம்பரம் வரும், எழுந்திருச்சுப் போய் தோசையைத் திருப்பலாம்’ என்று காத்திருக்கிற சகோதரிகளுக்கும் என் வணக்கம். (சிரிப்பு)

நடுவர் ஐயா! எதிரணியில் இப்போ பேசிட்டுப் போன அண்ணன் ரொம்ப அழகாகப் பேசினார். “தேஞ்சதைக் கட்டிக்கிட்டு அழாதே, தூக்கிப் போடு, புதுசு போடு!” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டும்போதே பார்த்தேன், அண்ணனோட மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் சுத்தியிருக்கு! (பலத்த சிரிப்பு, கைத்தட்டல்) ஏண்ணே, புதுக் கண்ணாடி வாங்கியிருக்கலாமே? கேட்டால் என்ன சொல்வார்? ‘கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு, காம்புதான் ஆடுது’ என்பார். இதைத்தானய்யா எங்கள் அணி அரை மணி நேரமாகச் சொல்லிக்கிட்டிருக்கு!

ஆனால் ஒரு விஷயம். அந்த நூலைப் பற்றி நான் பின்னால் வருவேன். ஏனென்றால் நூல் சுத்துவதும் பழுது பார்ப்பதும் ஒன்று இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் குடும்பம் ஒருநாள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா வைத்திருந்தது ஒரு பழைய வேன். ஜீப்பு அடிச்சட்டத்தின் மேல் கூண்டு கட்டின வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். வடகரையில் இருப்பவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மேக்கரைப் பக்கம், அடவிநயினார் அணைப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகிற பாதை மழைக்காலத்தில் எப்படி இருக்கும்? உளுந்து மாவு மாதிரி இருக்கும். (சிரிப்பு) பல வண்டிகளில் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். சேற்றில் பின் சக்கரம் சுழல ஆரம்பித்தால் கதை முடிந்தது. எங்கள் வண்டியில் ஒரு குட்டி லிவரைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தேங்காய் ஏற்றும், மாங்காய் ஏற்றும். ராத்திரி ‘தோப்புக்குள்ள யானை வந்துட்டு’ என்று தகவல் வந்தால் ஊர் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஓடும். எங்கள் வீட்டில் சோறு பொங்கியது அந்த வண்டியால்தான்.

என்ஜின் முன்னால் இருக்கிறது. தள்ளவேண்டிய சக்கரம் பின்னால் இருக்கிறது. நடுவில் அந்தச் சுழற்சியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? வண்டிக்கு அடியில் நீளமாக ஒரு இரும்புக் குழாய் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதுதான். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்பார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, ஆக இரண்டு ஷாஃப்ட்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கியர் பெட்டி அடிச்சட்டத்தில் அசையாமல் இருக்கும். பின் ஆக்சிலோ ஸ்பிரிங் பட்டையில் தொங்கிக்கொண்டு குழிக்குக் குழி மேலே கீழே ஆடும். ஆடுகிற ஒன்றையும் ஆடாத ஒன்றையும் ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? உடையும். அதனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு வைத்தார்கள். கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு. மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்பார்கள். அதன் நாலு கையிலும் நாலு தொப்பி, தொப்பிக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். இந்த மூட்டு நேற்று வந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஹூக், இவர்கள் பேரில்தான் இன்றைக்கும் அதை அழைக்கிறார்கள். கார் வந்த புதிதில் அதை மூடி, எண்ணெய்ப் பசையோடு வண்டிக்கு ஏற்றதாக ஆக்கியவர் அமெரிக்காவில் ஸ்பைசர்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாகச் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு தடவை வேகமாகும், இரண்டு தடவை மெதுவாகும். அப்புறம் வண்டி எப்படி உதறாமல் ஓடுகிறது? அடுத்த முனையில் இன்னொரு மூட்டு இருக்கிறதே! முதல் மூட்டு வேகப்படுத்தும்போது இரண்டாவது நிதானப்படுத்தும். முதலாவது இழுத்தால் இது விட்டுக்கொடுக்கும். ஆக மொத்தத்தில் சக்கரத்துக்குச் சீராகப் போய்ச் சேரும். இதைப் பாடம் நடத்தும்போது என் மாணவி ஒருத்தி எழுந்திருச்சு, “டீச்சர், எங்க அப்பா அம்மா மாதிரியா?” என்றாள். (சிரிப்பு, கைத்தட்டல்) “ஆமா கண்ணு, ஆனா ரெண்டு மூட்டும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும். கொஞ்சம் திருகி மாட்டினா ரெண்டும் சேர்ந்து உதறும்” என்றேன்.

நடுவர்: அந்த ரெண்டு மூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டவர்தான் மாமியார்னு சொல்லிராதீங்க. அடுத்த வாரம் நான் வீட்டுக்குப் போகணும்! (சிரிப்பு)

சொல்லவில்லை ஐயா, சொல்லவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். 1993. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது. எனக்குப் பத்து வயசு. ஐப்பசி மழையில் இருந்தே வண்டியில் ஒரு சத்தம். கிளட்சை விட்டால் ‘டொக்’. ரிவர்ஸில் இருந்து முன்னால் எடுத்தால் ‘டொக்’. என் அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அம்மாதான் முதலில் சொன்னாள்: “ஏங்க, வண்டிக்கு அடியில யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கே?”

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “அது ஒண்ணும் இல்லட்டீ. வண்டிக்கு வயசாயிட்டுல்லா, கனைக்குது.” (சிரிப்பு)

சத்தம் கூடியது. அப்பா ஒரு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துட்டு, “அண்ணாச்சி, பின் ஷாஃப்ட் கிராஸ் தேஞ்சுட்டு. தொப்பி உக்கார்ற ஓட்டையும் முட்டை மாதிரி ஆயிட்டு. மாத்தணும்” என்று நேர்மையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் அப்பாதான் கைச்செலவுக்குப் பயந்து, “மார்கழியில அச்சன்கோவில் போயிட்டு வந்து பாத்துக்கிடுவோம். இப்போதைக்கு இறுக்கி விடு” என்றார். ஓட்டைக்குள் ஒரு துண்டுத் தகரம் வைத்தார்கள். தொப்பி கழன்று வராமல் நாலு பொட்டு வெல்டிங் வைத்தார்கள். சத்தம் நின்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். வெல்டிங் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் உருகி ஓடியிருக்கும். ஊசி பேரிங்கின் பதம் போயிருக்கும். நின்றது சத்தம்தான். தேய்மானம் நிற்கவில்லை.

மார்கழியில் அச்சன்கோவில் சாஸ்தாவுக்குத் திருவிழா. செங்கோட்டை, புளியரை தாண்டி, கோட்டைவாசலில் இருந்து காட்டுக்குள் பிரிகிற பாதை. எங்கள் குடும்பமும் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து பதினோரு பேர். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கோட்டைவாசல் கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்தோம். அங்கே இருந்து புளியரைக்கு இறக்கம். வளைவுக்கு மேல் வளைவு. அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்.

அப்பா இரண்டாவது கியரில் இறக்கினார். மலையில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, கியர்தான் வண்டியைப் பிடித்து வைக்கும். அந்தப் பிடி எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது? அந்த ஷாஃப்ட் வழியாகத்தான்.

இரண்டாவது வளைவு. ‘டமார்’ என்று ஒரு சத்தம். பின் கிராஸ் உடைந்தது. ஆக்சில் பக்கம் கழன்ற ஷாஃப்ட், சவுக்கு சுற்றுகிற மாதிரிச் சுற்றி, எங்கள் காலுக்குக் கீழே தகரத்தை ‘படபட’ என்று அடிக்கிறது. கியரின் பிடி அறுந்துபோச்சு. வண்டி தன்பாட்டுக்கு ஓடுது. அப்பா சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஐயா, அந்தப் பழைய வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. கியர் பெட்டிக்குப் பின்னால், அந்த ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் இருக்கும். ஷாஃப்ட் உடைந்தால் ஹேண்ட் பிரேக்கும் உடைந்த மாதிரிதான்! இழுத்தார், ஷாஃப்ட் அடிக்கிறது நின்றது, வண்டி நிற்கவில்லை. (அரங்கில் அமைதி)

மிச்சம் இருந்தது கால் பிரேக் ஒன்றுதான். ஷாஃப்ட் அடித்த அடியில் அந்த பிரேக் குழாய் மட்டும் அறுந்திருந்தால் இன்று இந்த மேடையில் நான் இல்லை. அறவில்லை. அப்பா பிரேக்கை மிதித்து, மலைப் பக்கம் இருந்த மண் மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, ஆறு வயசு. கம்பியில் மோதி வலது கை ஒடிந்துவிட்டது. மற்ற எல்லோருக்கும் சிராய்ப்போடு போச்சு.

நடுவர் அவர்களே! இதைக் கேட்டதும் எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். ‘பார்த்தீர்களா, பழுது பார்த்தால் இதுதான் கதி, புதுசு போட்டிருந்தால் இது நடந்திருக்குமா’ என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுங்கள், எடுங்கள். ஆனால் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்கள் வண்டிக்கு நடந்தது பழுது பார்ப்பது இல்லை. சத்தத்தை மட்டும் நிறுத்துவதற்குப் பெயர் நூல் சுத்துவது. அண்ணே, உங்க கண்ணாடிக்குப் பண்ணியிருக்கீங்களே, அது! (சிரிப்பு, கைத்தட்டல்) கண்ணாடி விழுந்தால் கண்ணாடிதான் உடையும். ஷாஃப்ட் விழுந்தால் குடும்பமே விழும்.

அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தோம்? அதையும் சொல்லவேண்டும். கைக்குழந்தைகளையும், தம்பியோடு சித்தப்பாவையும் பின்னால் வந்த ஒரு வேனில் ஏற்றி அனுப்பினோம். சக்கரத்துக்குக் கீழே பெரிய பெரிய கல்லாக வைத்தோம். அப்பா அடியில் போய், உடைந்த பின் ஷாஃப்டை முழுசாகக் கழற்றி எடுத்தார். அப்புறம் அந்தக் குட்டி லிவரைப் போட்டார். முன் ஷாஃப்ட் நல்லா இருந்ததில்லையா? முன் சக்கரம் இரண்டும் வண்டியைப் பிடித்துக்கொண்டன. அந்த லிவர் விழுந்தால் இரண்டு ஷாஃப்டின் பாதையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் ஹேண்ட் பிரேக்கும் முன் சக்கரத்தைப் பிடித்தது. மாட்டுவண்டி வேகத்தில் இறங்கி வந்தோம். பழசு பழசு என்கிறீர்களே, அந்தப் பழசுதான் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தது. (கைத்தட்டல்)

ஆனால் வீட்டில் நடந்தது வேறு. சித்தப்பா வாசலில் நின்று, “தெரிஞ்சே ஏத்திக்கிட்டுப் போனியாண்ணே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த வீடுதான். நடுவில் ஒரு சுவர். பொங்கல் வந்தது, அந்த வீட்டில் இருந்து பொங்கல் வரவில்லை.

அம்மா வண்டியை விற்கச் சொன்னாள். ஒருத்தர் வந்து, “முழு ஷாஃப்டே பழைய இரும்புக் கடையில கிடக்கு, தூக்கி மாட்டிருவோம்” என்றார். கொண்டுவந்து பார்த்தால் வேறொரு வண்டியோடது. நீளம் இரண்டு அங்குலம் குறைவு. ஷாஃப்டின் ஒரு முனையில், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் வழுக்குகிற பல்லு இருக்கும். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் அந்தப் பல்லு நுனியை மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். பெரிய குழியில் ஆக்சில் இறங்கினால் கழன்றே வந்துவிடும். அளவு தெரியாமல் போடுகிற புதுசும், தகரம் வைக்கிற பழசும் அண்ணன் தம்பி!

கடைசியில் அப்பா போனது ஒரு லேத் பட்டறைக்கு. அங்கே ஒரு வயசான பாய் இருந்தார். அப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். நானும் கூடப் போனேன். அவர் செய்ததைப் பார்த்துத்தான் நான் பின்னால் இயற்பியல் படிக்கப் போனேன் என்று சொன்னால் மிகை இல்லை.

அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்தார். ஷாஃப்டை லேத்தில் இரண்டு முனைக்கும் நடுவில் பிடித்து மெதுவாகச் சுற்றவிட்டு, சாக்பீஸைப் பக்கத்தில் கொண்டுபோனார். நேரான குழாய் என்றால் சுற்றிலும் கோடு விழும். எங்கள் குழாயில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தது. “வளைஞ்சுட்டு. குழாய் ஆகாது” என்றார். தயங்கவே இல்லை. முனையில் இருந்த பிடியின் ஓட்டையைப் பார்த்தார். “முட்டையாயிட்டு. இதுவும் ஆகாது.” கிராஸின் கையில் நகத்தை வைத்து இழுத்தார். ஊசி பேரிங் பதிந்த பள்ளத்தில் நகம் தட்டியது. “நகம் தட்டுனா தூக்கிப் போட்டுரணும்” என்றார். அடுத்து அந்த வழுக்குப் பல்லைத் திருகிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. “இது இன்னும் பத்து வருஷம் உழைக்கும். இதை ஏன் தூக்கிப் போடணும்?”

பிறகு அதே விட்டம், அதே கனத்தில் புதுக் குழாய் வெட்டி, இரண்டு முனையின் பிடியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, லேத்திலேயே வைத்து நேராக்கி வெல்டிங் பண்ணினார். இரண்டு கிராஸும் புதுசு. அப்புறம், “இதை அப்படியே மாட்டிராதே. வெளியூர்ல கொடுத்து பேலன்ஸ் பார்த்துட்டுத்தான் மாட்டணும்” என்றார். ஏன்? மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று சுற்றும். ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் போதும், உதறி உதறிப் புதுக் கிராஸையும் தின்றுவிடும்.

எதிரணி அண்ணன் கையைத் தூக்குகிறார். ‘அம்மா, குழாய் புதுசு, கிராஸ் புதுசு, பிடி புதுசு, அப்போ மாத்தினதுதானே?’ என்று கேட்க வருகிறார். அண்ணே, சட்டையில் பொத்தான் போனால் பொத்தானை மாற்றுவோம். அதுக்குச் சட்டையை மாற்றிட்டோம் என்றா சொல்வோம்? (சிரிப்பு) போனதை மட்டும் மாற்றி, இருப்பதை வாழவைப்பதற்குப் பெயர்தான் பழுது பார்ப்பது!

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் வேறு உதாரணம் தேடவேண்டாம். அதே கோட்டைவாசலைத் தாண்டி ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்குப் போங்கள். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. 1904-ல் திறந்த கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதையின் கல் பாலம். மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதை ஆக்கினார்கள். தண்டவாளம் புதுசு, ரயில் புதுசு. பாலத்தை? இடிக்கவில்லை. பார்த்தார்கள், அளந்தார்கள், வலுப்படுத்தினார்கள். 2018-ல் இருந்து அதன் மேல்தான் அகலப் பாதை ரயில் ஓடுகிறது. நூறு வருஷம் தாண்டிய கல்லுக்கு இருக்கிற மரியாதை, நல்லா இருக்கிற ஒரு வழுக்குப் பல்லுக்குக் கூடாதா? (பலத்த கைத்தட்டல்)

ஆனால் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இது இல்லை ஐயா. ஷாஃப்டைக் கொடுக்கும்போது அந்த பாய் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். “மருமவனே, இது ஏன் தேஞ்சுது?”

அப்பா சொன்னார்: “வண்டி பழசு மாமா.”

“அது எனக்கும் தெரியும். முன் ஷாஃப்டும் அதே வயசுதான். பின்னது மட்டும் ஏன் இப்படித் தேஞ்சுது?”

ஒவ்வொன்றாகக் கேட்டார். தோப்பில் தண்ணிக்குள் இறக்கினால் அன்றைக்கே கிரீஸ் அடிப்பாயா? அடிப்பதில்லை. தண்ணி உள்ளே போனால் துரு, துரு வந்தால் ஊசி பேரிங் மாவாகும். முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா? இல்லை, பின்னால் புதுசு, முன்னால் தேஞ்சது. சேற்றில் இருந்து தார் ரோட்டுக்கு ஏறினதும் குட்டி லிவரை எடுத்துவிடுவாயா? அப்பா தலையைச் சொறிந்தார். பல நாள் மறந்து, லிவர் போட்டபடியே தென்காசி வரைக்கும் ஓட்டியிருக்கிறார்!

அது என்ன தப்பு? சேற்றில் சக்கரம் வழுக்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் கொஞ்சம் கூடக் குறையப் போனாலும் சேறு விட்டுக்கொடுக்கும். தார் ரோடு விட்டுக்கொடுக்காது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போகும். அந்த வித்தியாசம் முழுவதும் முறுக்காக மாறி ஷாஃப்டிலும் கிராஸிலும் ஏறும். டயர் அளவும் வேறாக இருந்தால் நேர் ரோட்டிலும் முறுக்குத்தான். வடக்கயிறு திரிக்கிற மாதிரி! போதாததற்கு, அளவுக்கு மீறித் தேங்காய் ஏற்றின பாரம் முழுவதும் பின்னால்.

பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்போ தேஞ்சது ஷாஃப்டு. தேச்சது நீ. புதுசு வாங்கி மாட்டியிருந்தாலும் அதையும் தேச்சிருப்பே!” (கைத்தட்டல்)

நடுவர் அவர்களே! இந்தப் பட்டிமன்றத்தில் நான் வைக்கிற வாதம் இதுதான். புதிது போடுகிறவன் ‘எது போச்சு?’ என்று மட்டும் கேட்கிறான். பழுது பார்க்கிறவன் ‘ஏன் போச்சு?’ என்று கேட்கிறான். எது என்று மட்டும் கேட்டால் கடைக்குப் போகலாம். ஏன் என்று கேட்டால்தான் திருந்தலாம். (நீண்ட கைத்தட்டல்)

பட்டறையில் இருந்து அப்பா நேரே வீட்டுக்கு வரவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். அப்பா உட்காரவில்லை. “தம்பி, வண்டி மேல தப்பு இல்ல. வயசு மேலயும் இல்ல. தெரிஞ்சுதான் ஏத்துனேன். நூறு ரூவாயப் பார்த்தேன், புள்ளைகளைப் பார்க்கல” என்றார். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே திரும்பி, “ஏல, வெளிய வா. பெரியப்பாகிட்ட கையைக் காட்டு” என்றார். கட்டுப் பிரித்த கையை அவன் மடக்கி நீட்டிக் காட்டினான். சித்தப்பா சொன்னார்: “புள்ள கையை மாத்தவா முடியும்? சேர்த்துக் கட்டினோம், கூடிட்டு. நீயும் உக்காருண்ணே.”

அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் குழம்பு வந்தது. (கைத்தட்டல்)

உங்களில் பழைய ஜீப்பு, பழைய வேன் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். வண்டி ஓட்டாதவர்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சத்தத்தை முதலில் கேட்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். கிளட்சை விடும்போது ‘டொக்’ என்றால், போகப்போகக் குருவி கத்துகிற மாதிரிக் கீச்சிட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால், அன்றைக்கே பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், காரணம் சொல்லிவிட்டேன். என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். கழற்றும் முன்னால் பிடிக்குப் பிடி அடையாளம் போடுங்கள். இருந்த திசையிலேயே திரும்ப மாட்டவேண்டும். கிராஸ் ஆடினால் கிராஸை மாற்றுங்கள். குழாய் வளைந்தால், விரிசல் கண்டால், ஓட்டை முட்டையானால், அந்தப் பாகத்தைப் பாசம் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். கிராஸ் தொப்பிக்கு வெல்டிங் பொட்டு வைப்பேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நடுவர்: மணி அடிக்கப் போறேம்மா. கடைசியா அந்த வண்டி என்ன ஆச்சு?

சொல்லி முடிச்சிடுறேன் ஐயா. அந்த ஷாஃப்டோடு வண்டி இன்னும் பதின்மூன்று வருஷம் ஓடியது. என் படிப்பு, அக்கா கல்யாணம், எல்லாம் அதன் மேல்தான் நடந்தது. 2006-ல் ஒருநாள் அப்பா அடியில் படுத்துப் பார்த்துட்டு எழுந்து வந்தார். “அடிச்சட்டமே துருப்பிடிச்சுப் பொரிஞ்சுட்டு. இனி இதைப் பழுது பார்க்கக் கூடாது” என்றார். விற்கச் சொன்ன அதே அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. மறுநாளே இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். இதையும் எதிரணி குறித்துக்கொள்ளலாம். பழுது பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான், எப்போது நிறுத்தவேண்டும் என்பதும் தெரியும்!

அன்றைக்குப் புளியரை இறக்கத்தில் உடைந்த கிராஸ் இருக்கிறதே, அதை அப்பா எறியவில்லை. எங்கள் வீட்டில் சாவி மாட்டுகிற ஆணியில் இன்னும் தொங்குகிறது. வீட்டில் யார் எந்த வண்டியின் சாவியை எடுத்தாலும் கை அதன் மேல் பட்டுத்தான் எடுக்கவேண்டும். போன வாரம் நான் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அப்பா திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: “என்னம்மா, உன் வண்டியில ஒரு சத்தம் கேக்குதே, பார்த்தியா?”

பார்த்துவிட்டுத்தான் ஐயா இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பழைய வண்டிக்குத் தேவை பழுது பார்ப்பதே, பழுது பார்ப்பதே என்று தீர்ப்பு வழங்கவேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைத்தட்டல்)